படகுக்குள் என் பக்கம்

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். துருவைச் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது. இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. நான் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போட்டுக்கொண்டு மகளை வளர்த்தேன். அவர் அனுப்பியதில் வீடு கட்டினோம். மூன்று அறை, பெரிய ஹால், மாடிக்குப் படி. மகள் படித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன ஆடியில் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார்.

வந்தவருக்கு அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை. கட்டிலில்தான் படுப்பார். காலையில் நான் வாசல் தெளிக்க எழுந்தால் கட்டில் காலியாக இருக்கும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அடி சந்து. அதில் பாயைச் சொருகிப் படுத்திருப்பார். கண் திறந்திருக்கும்.

"ஏன் இங்க வந்து கிடக்குறீங்க?"

"அங்க காத்து ஜாஸ்தியா இருக்கு."

ஃபேன் ஓடவே இல்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் படுப்பது அடுப்படியை ஒட்டி. தனியாக இருந்து பழகிய இடம். மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தார். படகு வாங்கிவிட்டேன் என்றார். மீன் பிடிக்கிற படகா என்று கேட்டேன். இல்லை, பாய்மரப் படகு, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு அடி, உள்ளே படுக்கக் கேபின் இருக்கிறது என்றார். போனில் படம் காட்டினார். வெள்ளையாக, வயிறு பருத்து, பெரிய வாத்து மாதிரி இருந்தது.

"இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"இருக்கப் போறேன்."

"எங்க?"

"அதுலதான்."

லாரியில் ஏற்றிக் கோடியக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இறக்கினார். அவரோடு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, முன்பே திரும்பி வந்து மீன் பிடிக்கிற ஒருவருடைய ஊர் அது. அங்கே ஓர் ஓடை வடக்கிலிருந்து வந்து கடலில் விழுகிறது. படகு நிற்க ஆழம் போதும். ஆனால் அடைமழை நேரம். தை முடிகிற வரை தண்ணீரில் இறக்க முடியாது என்று படகு கரை மணலில் கிடந்தது. இவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போய்ப் படகுக்குள்ளேயே தங்கிவிட்டு வருவார்.

சம்பா அறுத்து, வைக்கோலை உருட்டிக் கட்டிய மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஏணி வைத்து ஏறி, மேலிருக்கும் பலகையை நகர்த்தி, நாலு படி உள்ளே இறங்கினேன். நின்றால் தலை இடிக்கிறது. உட்கார்ந்தால் இடிக்காது. நீளம் ஒன்பது அடி இருக்கும். அகலம் பின்பக்கம் ஆறரை அடி, மூக்குப் பக்கம் போகப் போகக் குறுகிவிடுகிறது. ஒரு பக்கம் பலகை, அதன் மேல் அவர் பாய், தலையணை, போர்வை. எதிர்ப்பக்கமும் ஒரு பலகை. அதன் மேல் கயிறு, மடித்த பாய்த்துணி, பெயிண்ட் டப்பா, ஸ்பானர் பெட்டி. கால் வைக்கிற இடத்தில் ஸ்டவ்வும் தண்ணீர் கேனும். ஒரு ஆளுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

"நான் எங்க உக்காருறது?"

சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் இறங்கி வந்த படியைக் காட்டினார்.

படியில் உட்கார்ந்து அவர் போட்ட டீயைக் குடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். "மாசத்துல இருபது நாள் இங்க இருப்பேன். பத்து நாள் வீட்டுக்கு வந்துடுவேன்." ரொம்பத் தாராளமாகச் சொல்வது மாதிரி இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம். இனி மாதத்துக்குப் பத்து நாள். கூடுதல்தான். ஆனால் வந்துவிட்டேன் என்று சொன்ன ஆள் மறுபடியும் கிளம்புகிறார். அவர் ஒரு சந்துக்குள், நான் ஒரு பெரிய வீட்டுக்குள். இதற்கா இத்தனை வருஷம்.

பட்டுக்கோட்டையில் பஸ் மாறும்போது சொன்னேன். "அதுல ரெண்டு பேரு இருக்கற மாதிரி பண்ணணும். பண்ணுனதும் ஒரு மாசம் நான் இருந்து பாப்பேன். என்னால முடியலன்னா வித்துடணும். நீங்க வீட்டோட இருக்கணும்."

"உன்னால அதுல இருக்க முடியாது."

"அதைத்தான் பாக்கப் போறோம்."

சரி என்றார்.

சின்ன இடம் எனக்குப் புதிது இல்லை. கல்யாணமான புதிதில் காலனியில் தொகுப்பு வீடு. ஒரே அறை, பத்துக்குப் பத்து. ஆறு பேர் இருந்தோம். சமையல் அங்கேயே, படுக்கை அங்கேயே, விதைநெல் அங்கேயே. அங்கே கற்றது ஒன்று. தரையில் எதையும் வைக்கக் கூடாது. தரை ஆளுக்கு. சாமான் எல்லாம் சுவருக்கும் கூரைக்கும். இன்னொன்று, ஒரு சாமானுக்கு ஒரே வேலை என்றால் அதற்கு இடம் இல்லை.

எங்கள் ஊர் ஆசாரியைக் கூட்டிப் போனோம். கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறவர். பையில் ரசமட்டம், உளி, இழைப்புளி. உள்ளே இறங்கி, குனிந்தபடியே ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது. ஒரு பக்கம்கூட நேரா இல்ல. புடலங்காய்க்குள்ள அலமாரி அடிக்கச் சொல்றியே."

"அடிங்கண்ணே. புடலங்காய்க்குள்ள விதை இருக்குல்ல?"

ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. மணலில் படகு சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அடியில் செங்கல் கொடுத்து நிமிர்த்திய பிறகுதான் ஆசாரி பென்சிலை எடுத்தார். சுவர் வளைவுக்கு டேப் உதவவில்லை. டீக்கடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதை வாங்கி, வெட்டி வெட்டி வளைவில் பொருத்தி, பிறகு அந்த அட்டையைப் பலகை மேல் வைத்து வரைந்தார். முதல் பலகை பொருந்தியதும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு குறை சொல்வதை நிறுத்திவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். அது இன்னும் தொல்லை. வேங்கை மரத்தில் கைப்பிடி போடலாம், பூ செதுக்கலாம் என்றார். கனம் ஆகாது, பிளைவுட் போதும் என்று இவர் தடுத்தார்.

இறங்குகிற படியில் மூன்றை மூடி போட்ட பெட்டியாக ஆக்கினோம். ஒன்றில் ஸ்டவ். ஒன்றில் பாத்திரம். ஒன்றில் விளக்கு, பேட்டரி. மேலே மிதித்து இறங்கலாம், மூடியைத் திறந்து சமைக்கலாம். மேசை வேண்டும் என்றார் இவர். மேசைக்கு எங்கே போவது. கரும்பு ஜூஸ் வண்டியில் கண்ணாடி டம்ளர் வைக்கிற பலகை பார்த்திருக்கிறேன். கீல் போட்டு, வேலை முடிந்ததும் தொங்கவிட்டுவிடுவார்கள். அதைச் சொன்னேன். பாய்மரம் கேபினுக்குள் இறங்கி நிற்கிற தூணில் அப்படி ஒன்று அடித்தோம். தூக்கிக் கொண்டியைப் போட்டால் இரண்டு தட்டு வைக்கலாம்.

அந்தக் குப்பத்து நண்பரின் மனைவிதான் வலை கொடுத்தாள். கிழிந்த நைலான் வலை. எங்கள் தலைக்கு மேல் இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி நீளமாகக் கட்டினோம். வெங்காயம், துணி, துண்டு, போர்வை எல்லாம் அதில். காற்றும் படும். அலமாரி செய்திருந்தால் கனமும் கூடும், புழுங்கியும் போகும்.

அரிசிக்குத்தான் நான் தடுமாறினேன். வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்குகள் கொண்டுபோனேன். வட்டமான தூக்கு வளைந்த சுவரோடு ஒட்டவில்லை. சுற்றிலும் இடம் வீணாகிறது. ஒரு நாள் முழுக்க மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பிறகு பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் அதில் கட்டினேன். பை எந்த மூலைக்கும் வளைந்து போகும். ஈரம் ஏறாமல் இருக்க வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை. பலகைக்கு அடியில் ஒரு மாதத்துக்கான சாமான் போய்விட்டது. தூக்குகளைத் திருப்பி அனுப்பினேன்.

இன்னொரு விஷயத்தை இவர் யோசிக்கவே இல்லை.

"நான் காலைல எங்க போறது?"

முழித்தார். அவர் கரைக்குப் போவாராம், இல்லையென்றால் கடல் இருக்கிறதாம்.

"எனக்குக் கடல் சரிப்படாது."

மூக்குப் பக்கம், பலகைகள் முடிகிற இடத்தில், குறுக்கே ஒரு தடுப்பு அடித்து, உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் கழிப்பறைப் பெட்டி ஒன்று வைத்தோம். அடியில் தொட்டி, கழற்றிக் கரையில் கொட்டலாம். முன்னால் திரை. ஆசாரி அதைச் செய்யும்போது மட்டும் பேசாமல் செய்தார்.

அந்தத் தடுப்பால் படுக்கைப் பலகையின் நீளம் குறைந்துவிட்டது. ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டில்னா ஆறே கால் அடி. அதுக்குக் கொறஞ்சு நான் யாருக்கும் செஞ்சு குடுத்ததில்ல."

தடுப்பில் கீழே ஒரு பொந்து வெட்டினார். படுக்கை அதற்குள் ஒன்றே கால் அடி நுழைந்தது. காலை அதற்குள் நீட்டிக்கொள்ளலாம். என் பக்கம் ஒன்று, அவர் பக்கம் ஒன்று.

"இருட்டா இருக்கேண்ணே உள்ள."

"காலுக்கு எதுக்கு வெளிச்சம்?" என்றார்.

பிறகு கேட்டார். "தலமாடு எந்தப் பக்கம்?"

"தெக்க."

படகின் மூக்கு கரையைப் பார்த்துக் கிடந்தது. கடல் அங்கே தெற்கில். அப்போது பின்பக்கம் தெற்கு. அகலமான பக்கமும் அதுதான். "தானா அமைஞ்சிருக்கு பாரு" என்று சந்தோஷமாக, பின்பக்கம் தலைக்குச் சாய்வுப் பலகை ஒன்று வைத்து ஸ்குரூ போட்டு முறுக்கினார். அப்போது என் வீட்டுக்காரர் மேலே வாசலில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓடியது.

பங்குனியில் ஒரு காலை, குப்பத்து ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஓடை நடுவில் மூக்கிலிருந்து நங்கூரம் போட்டார் இவர். நான் சோறு வடித்து ரசம் வைத்தேன். அந்தப் பெண் மீன் பொரித்துக் கொடுத்தாள். சாயங்காலம் கரை என் கால் பக்கம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு படுத்தேன். கரை வடக்கு. கால் வடக்கே, தலை தெற்கே. சரி. களைப்பில் தூங்கிவிட்டேன்.

விடியும்போது முகத்தில் வெயில் அடித்தது. கரையில் வேலை நடந்த ஒரு மாதமும் காலை வெயில் அவர் பக்கத்து ஜன்னலில்தான் வரும். இது என் ஜன்னலில் வந்தது. எழுந்து படியேறிப் பார்த்தேன். மூக்குக்கு நேரே கடல். கரை பின்னால், என் தலைமாட்டுப் பக்கம். படகு முழுசாகத் திரும்பி நின்றது.

இவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. டீ போட்டேன். சூரியன் பனைமரம் உயரம் வந்த பிறகு எழுந்தார்.

"என்னங்க, படகு திரும்பிக் கெடக்கு."

"ம். தண்ணி ஏறிடுச்சு. வடியும்போது அப்படி நிக்கும், ஏறும்போது இப்படி நிக்கும்."

"தெனம் திரும்புமா?"

"தெனம்தான்."

"அப்ப ராத்திரி பூரா நான் வடக்க தல வச்சுக் கெடந்திருக்கேன்."

"பூரா இல்ல. பாதி."

வடக்கே தலை வைத்து நான் படுத்ததே இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்தபோதுகூட வலியோடு வலியாக நர்ஸிடம் சொல்லிக் கட்டிலைத் திருப்பிப் போட வைத்தேன்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

டீயைக் குடித்து முடித்தார். "தெரியும்."

"ஆசாரி கேக்கும்போது மேலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட."

வடக்கைவிட அதுதான் எனக்குக் கோபம். படகையும் வாங்கிய பிறகுதான் சொன்னார். அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் போனில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்னார். கரைக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன். மீனவர்கள் வைத்திருக்கிற தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டார். ஒரு மாதம் என்று பேசியது முதல் நாளே முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று மனதில் ஓடியது.

நண்பரின் மனைவி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு? வாந்தியா?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"எங்க வீட்டு ஆளு கடல்ல எந்தப் பக்கம் தல வச்சாருன்னு நான் போயா பாத்தேன்? திரும்பி வந்தா சரி. தலயும் வரணும், காலும் வரணும். அவ்வளவுதான்."

"உனக்கு வெளையாட்டா இருக்கு."

"சரி, அத விடுங்க. அண்ணன எங்க இன்னிக்கு விடியக்காலைல இந்தப் பக்கம் காணோம்?"

"தூங்கிட்டு இருந்தாரு. வெயில் வந்தும் எழுந்திரிக்கல."

கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணனா? மழைக் காலத்துல தனியா அந்தப் படகுல கெடந்தாருல்ல, அப்ப ஒரு நாளும் தூங்குனதில்லக்கா. விடியறதுக்கு முன்னாடியே இங்க வந்துடுவாரு. எங்க வீட்டு ஆளுங்க வலையில மீன் எடுப்பாங்க, பக்கத்துல சும்மா குந்தியிருப்பாரு. தூக்கம் வரலியாண்ணேன்னா, அங்க சத்தமே இல்லங்குறாரு."

நான் கொஞ்ச நேரம் அவளோடு கருவாட்டைத் திருப்பிப் போட்டேன். பிறகு படகைப் பார்த்துக் கையைக் காட்டினேன். தெப்பத்தைக் கொண்டுவந்தார்.

படகில் ஏறியதும் கேட்டேன். "படகுலயும் உங்களுக்குத் தூக்கம் வரலியாமே?"

அவளைத் திட்டினார், வாய்க்குள். பிறகு சொன்னார். "அங்க ரூமுல பதினாறு பேரு. மேலயும் கீழயும் கட்டில். எவனாவது கொறட்ட விடுவான். எவனாவது தூக்கத்துல பொண்டாட்டியோட பேசுவான். அது பழகிடுச்சு. வீட்டுல அந்த ஹாலு நடுவுல ஒரு சத்தமும் இல்ல. சின்ன எடமா இருந்தா வரும்னு நெனச்சேன். வரல."

"நேத்து?"

"நேத்து நீ கொறட்ட விட்ட."

"பொய்."

"போன்ல எடுத்து வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் கேட்டேன். அப்புறம் எனக்குத் தெரியல, விடிஞ்சிடுச்சு."

"இத வீட்டுலயே சொல்லியிருந்தா நான் வந்து பக்கத்துல படுத்திருப்பேன்ல?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இத்தன வருசம் கழிச்சு வந்து, பக்கத்துல படுன்னு எப்படிச் சொல்றது?"

வலையிலிருந்து வெங்காயம் எடுத்து உரித்தேன். உரித்துக்கொண்டே சொன்னேன். "வடக்க தல வச்சு என்னால படுக்க முடியாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. பண்ணா இருக்கேன்."

உடனே எழுந்துவிட்டார். படகு திரும்பாமல் இருக்கப் பின்பக்கமும் ஒரு நங்கூரம் போட்டு இழுத்துக் கட்டினார். மத்தியானம் மீன்பிடிப் படகு ஒன்று வந்தது. கயிற்றைப் பார்த்து எஞ்சினைக் குறைத்தார்கள்.

"அண்ணே, ஓடைக்கு நடுவுல ரெண்டு பக்கமும் கயித்தக் கட்டி மாடு மேய்க்கிறீங்களா? நாங்க எப்படிப் போறது?"

அவிழ்த்துவிட்டார்.

நான் யோசித்தேன். தூங்கின பிறகு படகு திரும்பினால் அது என் தப்பு இல்லை. படுக்கும்போது தலை தெற்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் என்னால் முடியும். சாமிக்கும் அது புரியும். அப்படியென்றால் படுக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறினால் மூக்குப் பக்கம் தலை, வடிந்தால் பின்பக்கம் தலை. இரண்டு பக்கமும் தலை வைக்கிற மாதிரிப் படுக்கை வேண்டும். ஆனால் மூக்குப் பக்கம் ஆசாரி வெட்டிய பொந்து. அதற்குள் தலையை விட்டால் மூச்சு முட்டும்.

ஆசாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அண்ணே, அந்தப் பொந்த அடைச்சிடலாமா?"

"அடைச்சா அஞ்சு அடிதான் தங்கச்சி மிஞ்சும். அஞ்சடியில யாரு படுப்பா? எட்டாவது படிக்கிற புள்ளயா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு ஸ்பானர் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தார்.

"படு."

"எதுக்கு?"

"படேன். அளக்கணும்."

பலகையில் நீட்டிப் படுத்தேன். உச்சந்தலைக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். குதிகாலுக்கு நேரே ஒரு கோடு. டேப்பை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"நாலு அடி பத்து."

"சரி."

"நீ இவ்வளவுதானா?"

"கல்யாணத்தப்பவும் இவ்வளவுதான் இருந்தேன்."

போனில் ஆசாரி கத்திக்கொண்டிருந்தார். என்ன அளவு, என்ன அளவு என்று. இவர் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி. நான் பாட்டுக்கு ஆறே கால் அடிச்சேனே."

"நீங்க கேக்கலியேண்ணே. நானும் நெனைக்கல."

அன்று சாயங்காலமே இவர் சாய்வுப் பலகையின் ஸ்குரூவைக் கழற்றினார். இரும்பு ஸ்குரூ, உப்புக்காற்றில் அதற்குள் துரு ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் துருப்பிடிக்காததாக மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்தார். பொந்தை ஒரு பலகையால் அடைத்தார். அதற்குப் பின்னால் கிடைத்த ஒன்றே கால் அடியில் ஸ்பானர் பெட்டியும் பெயிண்ட் டப்பாவும் போயின. அதுவரை அவை என் கால் வைக்கிற இடத்தில் கிடந்தன. இப்போது தரை காலியாயிற்று. என் படுக்கை ஐந்து அடி, தட்டை, எந்தப் பக்கமும் தலை வைக்கலாம். அவருக்குத் தன் பொந்து போதும். வடக்கு தெற்கு அவர் பார்ப்பதில்லை.

அந்த மாதம் நான் இருந்தேன். எல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க முடியாது. ஒருவர் உட்கார்ந்தால்தான் இன்னொருவர் சேலை கட்டவோ சட்டை போடவோ முடியும். முதல் வாரம் நாலு தடவை தலையை இடித்துக்கொண்டேன். குளிக்கக் கரைக்குப் போனேன். ஒரு நாள் பாய்மரத்தில் பாயை விரித்து உப்பளம் தெரிகிற தூரம் வரை போய் வந்தோம். படகு சாய்ந்தது. தட்டு, டம்ளர் எல்லாம் கொட்டப்போகிறது என்று பிடித்துக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. சாமான் வைக்கிற ஒவ்வொரு பலகையிலும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு வைக்க வேண்டும் என்று ஆசாரியிடம் இவர் பிடிவாதம் பிடித்தது எதற்கென்று அன்றுதான் புரிந்தது. வெங்காயம் மட்டும் வலையில் அங்கும் இங்கும் ஆடியது.

மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, நீ நெசமாவே அதுக்குள்ளயா இருக்க?" என்றாள்.

"உங்கப்பா தூங்குறாரு. மெதுவாப் பேசு" என்றேன். காலை எட்டு மணி.

சித்திரையில் அந்த ஒரு மாதம் முடிந்தது. மறுநாள் ஊருக்குப் போக வேண்டும். குறுவைக்கு நாற்றங்கால் தயார் பண்ணும் நேரம். இவர் காலையிலிருந்து கயிற்றைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் சொல்லாவிட்டால் கேட்கமாட்டார் என்று தெரியும்.

"விக்க வேணாம்" என்றேன்.

கயிற்றைக் கீழே வைத்தார்.

"ஆனா நாத்து விட்டா நான் இங்க வர முடியாது. தண்ணி பாக்கணும். அந்த நாள்ல நீங்க வீட்டுல இருக்கணும்."

"வீட்டுல எப்படி?" பயந்த மாதிரிதான் கேட்டார்.

"ஸ்டோர் ரூம காலி பண்றேன். எட்டுக்கு ஆறு. ரெண்டு பாய் போடலாம்."

"அதுல நெல்லு இருக்கே."

"தூக்கி வெளிய போடுவோம்."

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மூட்டைகளை எடுத்து ஹாலில் சோபாவைச் சுற்றி அடுக்கினோம். விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று மகள் போனில் திட்டினாள். நினைக்கட்டும். ஸ்டோர் ரூமில் ஆணி அடித்து அவர் சட்டைக்கும் என் சேலைக்கும் ஒரு கொடி கட்டினேன். ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, போதும். நாங்கள் அங்கே படுத்துக்கொள்கிறோம். நெல்லுக்கு ஹால் வசதியாக இருக்கிறது.